மாட்டுக்கறிக்குச் சட்டம், பாட்டிலுக்குச் சுயபொறுப்பு

இந்திய அரசியல் சட்டத்தில் 47ஆவது பிரிவும் 48ஆவது பிரிவும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று, போதை தரும் மதுவைத் தடை செய்ய முயல வேண்டும் என்கிறது 47. கால்நடை வளர்ப்பை அறிவியல் வழியில் அமைக்க வேண்டும், பசு, கன்று, கறவை மாடு, உழவு மாடுகளை வெட்டுவதைத் தடுக்க வேண்டும் என்கிறது 48. இரண்டுமே வழிகாட்டும் நெறிகள்தான். இதைக் கொடு என்று கோர்ட்டில் போய் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனா பாருங்க, எழுபத்தைந்து வருசம் தாண்டியாச்சு, 48க்குப் போலீஸ் இருக்கு, ஜெயில் இருக்கு, தடியோட ரோட்டுல நிக்கிற பசுக்காவலன் இருக்கான். 47க்கு என்ன இருக்கு? முதல் பாதிக்கு இரும்புச்சத்து மாத்திரை. மறுபாதிக்கு டாஸ்மாக்.

மக்கள் எதைத் தின்பது எதைக் குடிப்பது என்பதில் அரசு தலையிடலாமா, இல்லை அது அவரவர் பொறுப்பா என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். குளிர்பானத்துக்குக் கூடுதல் வரி, பர்கருக்குக் கொழுப்பு வரி (கேரளம் 2016இல் 14.5 சதவீதம் போட்டது) என்று அந்தப் பேச்சு போகும். நடுத்தர வர்க்கத்தின் தொப்பையைப் பற்றிய கவலை அது. அதை அவர்களே பேசிக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. எந்தச் சாதிக்கு எந்த விசயத்தில் 'பொறுப்பு' தரப்படுகிறது, எந்த விசயத்தில் 'கட்டுப்பாடு' போடப்படுகிறது? இந்த நாட்டில் நமக்கு நல்லது செய்யும் சாப்பாட்டில் அரசு கட்டுப்பாடு போடுகிறது. நம்மைக் கொல்லும் சரக்கில் சுயபொறுப்பைப் போதிக்கிறது. இது ஏதோ தற்செயலாக நடந்த குழப்பம் என்று நான் நினைக்கவில்லை.

குடியை முதலில் எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதன் மூலம் கஜானாவுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பாட்டிலில் குடி கேடு என்று அச்சடித்து, அதே கையால் கவுண்டர் வழியாக நீட்டுகிறார்கள். அச்சடித்தது அரசின் கடமை, குடித்தது உன் பொறுப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். அடுத்த நாளே டீக்கடையில் என்ன பேசினான்? "இவனுங்களுக்குப் போய் பத்து லட்சமா? யார் குடிக்கச் சொன்னா?" பொறுப்பு என்கிற வார்த்தை நம் தெருப் பக்கம் வரும்போதெல்லாம் இந்த உருவத்தில்தான் வருகிறது. செத்த பிறகு. அதே ஆண்டு அக்டோபர் 2இல் உளுந்தூர்பேட்டையில் பெண்கள் மதுவிலக்கு கேட்டுக் கூடினார்கள். 'தனிமனித சுதந்திரத்தில் தலையிடலாமா' என்று சில முற்போக்காளர்களே முணுமுணுத்தார்கள். மாட்டுக்கறி விசயத்தில் இந்தச் சுதந்திரத்தை இவர்கள் எந்தச் சந்தில் தொலைத்தார்கள் என்று தெரியவில்லை.

இப்போது கறிக்கு வருவோம். பெரியார் மண்ணில் இந்தத் தொல்லை கிடையாது என்று பல தோழர்கள் நம்புகிறார்கள். நம்பட்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் வருசத்திலிருந்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாட்டுக்குப் பத்து வயசு தாண்டியிருக்க வேண்டும், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது நிரந்தரமாக ஊனப்பட்டிருக்க வேண்டும். அப்படிச் சான்றிதழ் வாங்கினால்தான் அறுக்கலாம். 1976இல் ஓர் அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்புக்கூடங்களில் வெட்டக் கூடாது என்றது. அதாவது எங்களுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட கறி கிழட்டு மாட்டின் கறி. வேறெந்தக் கறிக்காவது இப்படி ஒரு சட்டம் உண்டா? ஆட்டுக்குட்டியை இளசாகப் பார்த்து அறுப்பவனிடம் போய், இது இனவிருத்திக்கு உதவாது என்று சர்ட்டிபிகேட் கொண்டா என்று எந்த ஆபீசராவது கேட்டதுண்டா?

மகாராஷ்டிரத்தில் 2015இல் காளை, எருது வரைக்கும் தடையை நீட்டி, அறுத்தால் ஐந்து வருசம் ஜெயில் என்றார்கள். அந்த வருசம் செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்து தாத்ரியில் ஒரு முஸ்லிம் பெரியவரை வீட்டிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தே கொன்றார்கள். பிறகு அந்த வீட்டுக் கறியை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆடா மாடா என்று அரசாங்க விஞ்ஞானி பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ரேசன் அரிசியைப் பரிசோதனைக்கு அனுப்ப இந்த அவசரத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. 2017 மே மாதம் ஒன்றிய அரசு மாட்டுச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. அறுப்புக்கு அல்ல என்று எழுதிக் கொடுத்தால்தான் சந்தையில் மாடு விற்கலாம் என்றது. பெயர் மிருகவதைத் தடுப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் கூடி மாட்டுக்கறி சாப்பிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். ஓர் ஆய்வு மாணவர் கண்ணில் பலமாக அடிபட்டார். அந்த விதிகளுக்கு முதலில் தடை கொடுத்தது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நாடு முழுவதற்குமாக நீட்டித்தது.

இந்த இடத்தில் தோழர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். நண்பனைப் போலவும் கேட்பார்கள், எதிரியைப் போலவும் கேட்பார்கள். "அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னாரே?" சரி, பேசுவோம். ஓடி ஒளிய வேண்டிய விசயம் இல்லை.

1927 மார்ச் மகத் மாநாட்டில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரில் மாடு செத்தால் இழுத்துப் போட வேண்டியது நம் வேலை. அந்த வேலைக்குக் கூலி காசு இல்லை. அந்தப் பிணமும் அதன் தோலும்தான் கூலி. மிச்சச் சோறு மாதிரி மிச்ச மாடு. அதைத் தின்ன மறுப்பது ஊர் வேலையை மறுப்பது. ஊர் வேலையை மறுப்பது அடிமைத்தனத்தின் கணக்கையே கிழித்துப் போடுவது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாநாட்டுத் தீர்மானங்களில், செத்த மாட்டின் கறியைத் தின்பதைத் தேவையானால் சட்டம் போட்டே தடுங்கள், மதுவிலக்கைக் கொண்டுவாருங்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி கொடுங்கள், விடுதிகளுக்கு உதவி செய்யுங்கள் என்று அரசைக் கேட்டிருக்கிறார்கள். இவை ஒரே மூச்சில் கேட்கப்பட்டவை. தட்டில் அரசு கையே வைக்கக் கூடாது என்கிற தாராளவாதக் கோட்பாடு மகத்தில் இல்லை. தட்டின் சொந்தக்காரர்கள் பத்தாயிரம் பேர் சேரிகளிலிருந்து வந்து கூடி, பேசி, முடிவெடுத்து, பிறகு அரசிடம் இதையும் செய் அதையும் செய் என்றார்கள். இன்றைக்குச் சட்டம் போடுகிறவன் எங்கள் தட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தவன் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அவர் இன்னும் ஆழமாகப் போகிறார். பார்ப்பனர்களும் ஒரு காலத்தில் மாட்டைத் தின்றவர்கள்தான், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் மேலே ஏறுவதற்காக அதை விட்டார்கள், பசு புனிதமானது, சிதறுண்ட மக்கள் வறுமையால் செத்த மாட்டைத் தொடர்ந்து தின்றார்கள், தீண்டாமை அங்கே வேர்விட்டது என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் இதில் எங்கெங்கே உடன்படுவார்கள், மறுப்பார்கள் என்பது இருக்கட்டும். அவர் தொட்ட நரம்பு முக்கியம். ஒருவன் சாப்பாட்டை விட்டதால் மேலே போனான், இன்னொருவன் விட முடியாததால் கீழே தள்ளப்பட்டான். ஆரோக்கியம், ஒழுக்கம், ஜீவகாருண்யம் எல்லாம் பிற்பாடு ஒட்டிய லேபிள்கள்.

அதோடு, மாட்டை அறுக்காதே என்கிற சட்டம் என்ன செய்கிறது பாருங்கள். நல்ல மாட்டை விலைக்கு வாங்கி, டாக்டர் பார்த்து, சுத்தமான இடத்தில் அறுத்து விற்கிற வழியை அது மூடுகிறது. எது மிஞ்சும்? தானாகச் செத்த மாடு. எதை விட்டு ஓடி வந்தோமோ அதையே மறுபடி கையில் திணிக்கிறது. அந்தச் செத்த மாட்டையாவது நிம்மதியாக உரிக்க விடுகிறானா என்றால் அதுவும் இல்லை. 2002 அக்டோபரில் ஹரியானாவின் துலினாவில் தோல் வியாபாரத்துக்குப் போன தலித்துகள் ஐந்து பேரைப் போலீஸ் சாவடிக்குப் பக்கத்திலேயே அடித்துக் கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்த இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து அடித்து, தாங்களே வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். ஊனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செய்ததுதான் மகத்தின் நேரடிப் பிள்ளை. செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொட்டினார்கள். உங்க அம்மா, நீங்களே அடக்கம் பண்ணிக்கோங்க. இதைவிடப் பொறுப்பான காரியம் ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, எதிர்ப்பக்கம் என்ன பேசுகிறோம்? 'என் தட்டு, என் உரிமை.' நல்ல முழக்கம். பம்பாய் உயர்நீதிமன்றம் 2016 மே மாதம், வெளிமாநிலத்திலிருந்து வந்த மாட்டுக்கறியை வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை அந்தரங்க உரிமையின் பேரில் ரத்து செய்தது. 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் அந்தரங்க உரிமைத் தீர்ப்பிலும், என்ன சாப்பிட வேண்டும் என்று அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்கிற கருத்து பதிவானது. வரவேற்கிறேன். ஆனால் அந்தரங்கம் என்பது கதவு உள்ளவனின் உரிமை. சேரிக்கு வெளியே நமக்கு வாடகைக்குக் கிடைக்கும் வீட்டில் முதல் கேள்வி என்ன? "நீங்க நான்வெஜ்ஜா? எந்த நான்வெஜ்?" அந்த ரெண்டாவது கேள்வியில் இருக்கிறது சாதி. சட்டம் இல்லாமலே, போலீஸ் இல்லாமலே, ஹவுஸ் ஓனரின் மூக்கு இந்த நாட்டில் மாட்டுக்கறியைத் தடை செய்து வைத்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் உள்ளதைக் காப்பாற்றுகிற தீர்ப்பு, தெருமுனையில் தள்ளுவண்டியில் சில்லி பீஃப் போடுகிற அக்காவைக் காப்பாற்றாது. வீட்டுக்குள்ள தின்னுக்கோ, வெளியே தெரியாம தின்னுக்கோ என்பது ஊர் நமக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கும் சலுகை. அதைச் சுதந்திரம் என்று வாங்கிக்கொண்டு வந்தால் எப்படி?

ஊட்டச்சத்து விசயத்துக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15லிருந்து 49 வயசு வரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் வயசுக்கேற்ற உயரம் இல்லை. இந்தப் பெண்களிடம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டிய படம் என்ன பேசுகிறது? மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை, பால். "நல்லா சத்தானதா சாப்பிடணும்மா, உன் உடம்பை நீதான் பாத்துக்கணும்." மாதுளை என்ன விலை விக்குதுன்னு அந்தப் படத்துக்குத் தெரியுமா? கீரையில் உள்ள இரும்புச்சத்தைவிடக் கறியிலும் ஈரலிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக ஏற்கும் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லை மாட்டுக்கறி. எங்கள் பக்கத்தில் பிரசவமான பெண்ணுக்கு ஈரல் வாங்கிக் கொடுப்பதும், மழைக்காலத்துக்கு உப்புக்கண்டம் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்க விடுவதும் பாட்டிகளின் வைத்தியம். அந்தச் சுவர்ப்படத்தில் மாட்டு ஈரலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மலிவானதையும் சத்தானதையும் பெயர் சொல்லாமல் மறைத்து வைத்துவிட்டு, சோகை வந்தால் உன் பொறுப்பு. 2011-12 மாதிரிக் கணக்கெடுப்பில் மாட்டுக்கறியோ எருமைக்கறியோ சாப்பிடுவதாகச் சொன்ன வீடுகளில் இருந்தவர்கள் சுமார் 8 கோடி. ஒரு பெரிய ஐரோப்பிய நாட்டின் மக்கள்தொகை. ஒரு படத்துக்குக்கூட அவர்கள் தகுதி இல்லையா?

அரசு உணவில் தலையிடவே கூடாது என்பது என் கட்சி இல்லை. முட்டையைப் பாருங்கள். சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, போராட்டங்களாலும் தேர்தல்களாலும் ஏறி ஏறி 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளுக்கும் ஐந்து என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். யார் மனசும் புண்படவில்லை, எந்தக் கோயில் கோபுரமும் சாயவில்லை. இதே முட்டையை 2015இல் மத்தியப் பிரதேசத்து முதலமைச்சர் அங்கன்வாடிக்குள் விடமாட்டேன் என்றார். 2021இல் கர்நாடகத்தில் சில மடாதிபதிகள் எதிர்த்துக் குதித்தார்கள். மடத்துச் சாமியார் தன் தட்டில் முட்டை வைக்காதே என்றால் நியாயம். சேரிப் பிள்ளையின் தட்டில் வைக்காதே என்பது எந்த ஊர் நியாயம்? தமிழ்நாடு கண்டுபிடித்த அந்த வாழைப்பழம் ஒரு பெரிய தத்துவம், தோழர்களே. தின்கிறவனுக்குக் கொடு, தின்னாதவனுக்கு மாற்றுக் கொடு. அந்தத் தத்துவம் ஏன் முட்டையோடு நின்றுவிட்டது?

எங்கே நிற்கும் என்பதை ஆம்பூரில் பார்த்தோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர் எது? தோல் தொழிற்சாலைகளின் ஊர். முஸ்லிம்களும் தலித்துகளும் உழைத்து உருவாக்கிய ஊர். அங்கே பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாட்டுத்தோல் செருப்பு ஏற்றுமதியாகலாம், மாட்டின் கறி மட்டும் அரசுப் பந்தலுக்குள் நுழையக் கூடாது. எதிர்ப்பு கிளம்பியது. வெளியே நாங்கள் இலவசமாகப் போடுகிறோம் என்று அமைப்புகள் அறிவித்தன. திருவிழாவை மழை என்று சொல்லித் தள்ளி வைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. இங்கே எந்தத் தடைச்சட்டமும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். சமூகநீதி ஆட்சியில் தீண்டாமை இப்படித்தான் வேலை செய்யும். அடிக்காது, விட்டுவிடும்.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கவர்மெண்ட் வேலை கிடைத்து, டவுனில் பிளாட் வாங்கியதும் "நாங்கள்லாம் இப்ப அது சாப்பிடறதில்லீங்க" என்று கேட்காமலே சொல்கிற சொந்தக்காரர்கள் நமக்கு உண்டு. பிடிக்காமல் விட்டால் சரி, கொழுப்புக்குப் பயந்து டாக்டர் சொல்லி விட்டாலும் சரி. அந்த 'அது'வில் உள்ள கூச்சம்தான் எனக்கு உறுத்துகிறது. இன்னொரு பக்கம், கலகம் என்று மேடையில் மாட்டுக்கறி பேசுகிற ஆண் தோழர்கள் ஸ்டாலில் நின்று பீஃப் பக்கோடா தின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். 57 சதவீதம் சோகை ஸ்டாலில் நிற்கிறவனுக்கு இல்லை. பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள்.

2012 ஏப்ரலில் ஐதராபாத் உஸ்மானியா மாணவர்கள் நடத்திய மாட்டுக்கறி விழாவுக்குப் பிறகு பல வளாகங்களில் இது நடந்திருக்கிறது. கல் வீச்சும் கத்திக்குத்தும் தாங்கி நடத்தினார்கள். அந்தத் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் வருசத்துக்கு ஒருநாள் விழாவோடு நிற்பது எனக்குப் போதாது. விழாவுக்கு நாமே காசு போட்டு, நாமே சமைத்து, நாமே அடி வாங்குகிறோம். அரசு தன் வேலையைச் செய்யாமல் வேடிக்கை பார்க்கிறது. எனக்கு வேண்டியது ஒழுங்குமுறை. ஊருக்கு ஊர் தண்ணீரும் வடிகாலும் கால்நடை மருத்துவரும் உள்ள அறுப்புக்கூடம் வேண்டும். சென்னைக்குப் பெரம்பூரில் தொட்டி இருக்கு, நம்ம ஒன்றியத்துல எங்கே இருக்கு? மாட்டுக்கறிக் கடைக்கு லைசென்சு கேட்டால் கோழிக்கடைக்குக் கொடுக்கிற அதே நாளில் கொடுக்க வேண்டும். மறைத்து விற்கச் சொல்லும் திரைச்சீலை கூடாது. 1958 சட்டத்தின் பத்து வயசுக் கணக்கு போக வேண்டும்.

அப்புறம் விடுதிகள். நான் படித்த காலத்தில் எங்கள் ஆதிதிராவிடர் நல விடுதியில் கறி போடும் நாளில் ஆட்டுக்கறி என்ற பெயரில் ஆளுக்கு இரண்டு துண்டு விழும். மூன்றாவது துண்டு எலும்பு. அதே காசுக்கு மாட்டுக்கறி வாங்கியிருந்தால் வயிறார ஒரு குண்டான் போட்டிருக்கலாம். 2025 வரை விடுதிக்குப் பெயரே நம் பெயராக இருந்தது. அங்கே தங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். அங்கேகூட நம் சாப்பாடு இல்லை என்றால் முடிவு செய்தது யார்? வேண்டாம் என்கிற பிள்ளைக்கு முட்டையோ வாழைப்பழமோ கொடுங்கள், அந்த வழிதான் நமக்குத் தெரியுமே.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் விடுதியின் உணவுப் பட்டியல் எந்த அரசாணைப்படி வகுக்கப்பட்டது, அதில் மாட்டுக்கறியைச் சேர்ப்பது பற்றி எப்போதாவது பரிசீலிக்கப்பட்டதா, விலக்கப்பட்டிருந்தால் கோப்பில் எழுதிய காரணம் என்ன, கறிக்கு ஒரு மாணவருக்கு ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு. நாலு கேள்வி போதும். பத்து ரூபாய்க்கு கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலின் நகலை, 'அப்படி எந்தக் கோப்பும் இல்லை' என்று வந்தால் அதையும், இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். மாவட்ட வாரியாக அச்சிடுவோம்.